எங்கே உட்கார்ந்தாலும் தெரியும் டிவி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நீங்களாகப் போடுகிறீர்களா, இல்லை அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டுதானா?

என்னோடு தங்கியிருந்த நர்ஸ் கல்யாணமாகிப் போய்விட்டாள். அறை வெறிச்சென்று இருந்ததால் டிவி வாங்கப் போனேன். இரண்டு பிடித்திருந்தன, அளவும் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் வீடியோ கேம் திக்காமல் ஓடுகிறது, ஆனால் நேர் எதிரே உட்கார்ந்தால்தான் படம் தெளிவு. மற்றதில் கேம் சற்று மந்தம், ஆனால் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் நிறம் மங்கவில்லை.

"வீட்ல எத்தனை பேரும்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நாலு பேருங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப இதுதான் சரி. யார் எங்க உக்காந்தாலும் நல்லா தெரியும்" என்று இரண்டாவதற்கு பில் போட்டார். நானும் மறுக்கவில்லை.

தம்பியை ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே ஆன்லைனில் என்னோடு கார் ரேஸ் கேம் ஆட வரச் சொல்லுங்கள். தோற்றால் டிவி மேல் பழி போட்டுக்கொள்கிறேன். அப்புறம், நீங்கள் படம் பார்க்க உட்காரும்போது எனக்கு போன் போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நானும் அதே படத்தைப் போட்டுக்கொள்வேன். பேச வேண்டாம் அப்பா. நீங்கள் சிரிப்பது காதில் விழுந்தால் போதும்.

டியூட்டி வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்