பாதியில் அணைத்த நாடகம்

அண்ணிக்கு,

இந்தி தெரியாமல் இந்தி நாடகம் பார்த்து அழுவது மனித அறிவுக்கே இழுக்கு. நேற்று இதைச் சொன்னதும், "நான் அழுதா ஒனக்கு இன்னா தம்பி?" என்று டிவியைப் பாதியில் அணைத்துவிட்டீர்கள். என் கருத்தில் மாற்றமில்லை.

இடஒதுக்கீட்டு மறியலில் ரோட்டுக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பஸ் ஓடவில்லை. கச்சிராயபாளையத்தில் மாட்டிக்கொண்ட அண்ணனுக்குச் சைக்கிளில் சோறு கொண்டுபோகிறேன். டெல்லிக்கு இந்தச் சேதியே எட்டவில்லை போல. காலையில் சிதார், சாயங்காலம் கோதுமைக்கு உரம் என்று டெல்லி டிவி நிம்மதியாக ஓடுகிறது.

உங்களுக்கு ரசம் சுடவைத்திருக்கிறேன். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

தமிழழகன்

பி.கு.: காற்றில் திரும்பிக்கொண்ட ஏரியலைச் சரிசெய்துவிட்டேன்.

இன்னொன்று: பக்கத்து வீட்டு ஆயம்மாள் அக்காவிடம் மீதிக் கதையைக் கேட்டேன். நாடகத்தில் நீங்கள் அழுதீர்களே, அந்தப் பெண், அடித்து விரட்டிய மாமியார் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சைக்கிளை மிதிக்கவே மனசு வரவில்லை.