ஆறு முழம், ஒரு சாண், நாலு விரல்

விய வருஷம், ஆவணி 5

காலையிலேயே வெயில். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கிக் கட்டு நாலு. கடையில் இறக்கி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓட்டம்.

மைத்துனன் ஏழுமலை மதராஸ் பயணம். ஒரு மில்லின் பாஸ்கட்பால் டீமில் ஆட்டக்காரனாக வேலை! பந்து ஆடவே ஒருவனை வேலைக்கு வைப்பார்கள் என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. ஒரு மாதம் பார்ப்பார்களாம். சரியாக ஆடினால் நிரந்தரம். இல்லையென்றால் திரும்பவும் தறிக்குழி.

எனக்குச் சந்தேகமே இல்லை. மிஷன் பள்ளி மைதானத்தில் புளியமரத்தடியில் நின்று போடுவான், வளையத்தைத் தொடாமல் விழும். குதித்தால் இறங்க மறந்தவன் போல இருப்பான். நானும் அவனோடு ஆறு வருஷம் ஆடியவன். பத்துக்கு இரண்டு விழுந்தால் எனக்குத் தீபாவளி.

துளசி தம்பிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். "எளச்சி வந்தினா ஊட்டுக்குள்ள வுடமாட்டேன்."

மறக்கக் கூடாதது: மண்ணெண்ணெய்க் கூப்பன். யுத்தம் முடிந்தும் இந்தப் பாடு.

ஆவணி 16

புழுக்கம். ஏழுமலையின் கார்டு. முதல் மேட்சில் எட்டு முறை போட்டிருக்கிறான். ஒன்றும் விழவில்லை. எல்லாமே வளையத்துக்கு மேலே போய்ப் பலகையில் அடித்துத் திரும்பியதாம். "கேப்டன் சிரிக்கிறாரு பாவா. கை நம்ம பேச்ச கேக்கல."

துளசி சாப்பிடவில்லை. நம்மூர் மலைக்கோயிலுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். எனக்குத்தான். அவன் முடி அழகானது.

ஆவணி 20

கடைச் சரக்குக்காக மதராஸ். வேலை முடிந்ததும் ஏழுமலையைப் பார்க்க மில் மைதானம். வளையம் என்னவோ குள்ளமாகத் தெரிந்தது. ஓடி வந்து எம்பினேன். விரல் உரசியது! நம் ஊர் வளையத்தை நான் என்ன குதித்தும் தொட்டதில்லை.

டேப் வாங்கி அளந்தோம். சரியாகப் பத்தடி.

நம் ஊர்க் கம்பம் நட்டவன் நான். பாதிரியார் பத்தடி என்றார். தறிக்காரன் கணக்கில் ஆறு முழம், ஒரு சாண், நாலு விரல். என் கையாலேயே அளந்தேன். ஊரில் என் முழம்தான் நீளம். துணி வாங்க வருகிறவர்கள் என்னையே அளக்கச் சொல்லிக் காத்து நிற்பார்கள். ஆக, நம் வளையம் ஒரு அடிக்கு மேல் கூடுதல் உயரம். ஆறு வருஷமாக.

சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் வளையத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அப்ப நா தப்பா போடல பாவா. நம்மூருக்குப் போட்டுகினு இருந்திருக்கேன்."

சிரிக்கிறான்! தங்கமான பிள்ளை. சனிக்கிழமை கடைசி மேட்ச். அதற்குள் கையைப் பழக்க வேண்டும். ரயிலில் எனக்குத் தூக்கமே இல்லை.

ஆவணி 27

தந்தி. பிரிக்கும் முன்பே துளசி ஒப்பாரி. பிரித்தால்: பதினொன்று விழுந்தது, வேலை நிரந்தரம். ஒப்பாரி நிற்கவில்லை, ராகம் மட்டும் மாறியது. நானும் அழுதேன்.

மத்தியானம் மலையேறி மொட்டை. தலையில் வெயில் சுரீர்.

புரட்டாசி 9

மேகமூட்டம். மில் டீம் மொத்தமும் சாமி கும்பிட வந்தது. மலையிலிருந்து இறங்கியதும் நேரே மிஷன் மைதானம். கேப்டன் பத்து முறை போட்டார். ஒன்றுகூட வளையம் வரைக்கும் ஏறவில்லை. ஏழுமலை புளியமரத்தடியிலிருந்து ஒன்றே ஒன்று. விழுந்தது.

"இந்தக் கம்பத்த நட்ட மகராசன் யாருப்பா?" என்றார் கேப்டன்.

"தோ, எங்க பாவா."

என் மொட்டையைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். தன் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நாளைக்கே பட்டணம் வாங்க. எங்க மைதானத்திலயும் பசங்க பழக ஒண்ணு நட்டுட்டுப் போங்க. டேப்பு கீப்பு எதுவும் வேணாம்."