பேட்டரியிலிருந்து நேராகப் போகும் சிவப்பு வயர்

திருவண்ணாமலை,
மார்கழி, ஞாயிறு.

மதிவதனிக்கு,

சளி இல்லை, காய்ச்சல் இல்லை, சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது, அந்த அளவுக்கு நான் நலம், நீயும் அந்த மலைக்குளிரில் அந்த அளவுக்காவது நலமாக இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். எதுக்கு இந்த ஆள் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் அம்மாவின் காரை விற்க நான் கையெழுத்துப் போட்ட பத்திரம் கேட்டாய், அது கூரியரில்தான் வர முடியும், அதோடு இதுவும் வருகிறது. அதுவும் இல்லாமல், போனில் நான் பேச ஆரம்பித்தாலே சரி சித்தப்பா சரி சித்தப்பான்னு சொல்லிப் பாதியில் வைத்துவிடுகிறாய், அப்புறம் கேட்டால் சுரங்க வேலை நடக்கிற இடத்தில் டவர் இல்லை என்கிறாய். காகிதத்தை நீ பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

வீட்டில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. தீபக் கூட்டம் கலைந்து தெருவில் இப்போதுதான் வண்டி போக முடிகிறது. இந்த வருஷம் நம் வீட்டில் விளக்கு வரிசை வைக்கவில்லை, அம்மா இறந்த வருஷம் என்பதால் வைக்கக்கூடாது என்றார்கள், நான் ஏன் என்று கேட்கவில்லை. தீபத்தன்று முழுக்க வேங்கிக்கால் பார்க்கிங் மைதானத்தில்தான் இருந்தேன், எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருந்து பேட்டரி இறங்கிய வண்டிகளைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். ஹெட்லைட்டை அணைக்காமல் இறங்கி மலையைச் சுற்றிவிட்டு வந்து, சார் செல்ஃப் எடுக்கல சார்னு வரிசையாக நின்றார்கள். ஜம்ப் கேபிள் போட்டுப் போட்டு என் கை கருத்துவிட்டது. ஒருத்தர் நான் கேபிள் மாட்டும்போது உங்க பொண்ணு என்ன படிக்குதுன்னு கேட்டார். படிச்சு முடிச்சிட்டா, இமாச்சல்ல மலையைக் குடையற கம்பெனில இன்ஜினியர்னு சொன்னேன். பார்த்தா அவ்ளோ வயசு தெரியலையேன்னார். பதினான்கு வயது வித்தியாசத்தில் மகள் இருந்தால் எப்படித் தெரியும். அம்மாவின் பள்ளிக்கூடப் பை இன்னும் அந்த ஆணியிலேயே தொங்குகிறது. எடுக்கவும் தோன்றவில்லை, இருக்கட்டும் என்றும் தோன்றவில்லை.

இப்போது வண்டி. போன சனிக்கிழமை நான் உனக்கு வண்டியை எடுக்காதே, பேட்டரி மைனஸைக் கழற்றி வை என்று மட்டும் செய்தி போட்டேன், ஏன் என்று கேட்டாய், நான் பதில் போடவில்லை. கழற்றிவிட்டுப் படம் அனுப்பினாய், அந்த மட்டில் சரி. காரணத்தை இதில் எழுதுகிறேன், படித்து முடிக்கிறவரை திரும்ப மாட்டாதே.

நீ குரல் செய்தியில் எல்லாக் குறையையும் ஒரே மூச்சில் சொல்லி, இது ஓட்டை வண்டி சித்தப்பா, இங்கேயே வித்துடறேன், கையெழுத்து மட்டும் அனுப்புங்கன்னு முடித்தாய். அது ஓட்டை வண்டி இல்லை. எந்தெந்தக் குறையை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் நீ எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறாய், அவ்வளவுதான். ஏற்றத்தில் சூட்டு முள் மேலே போவதற்கும் காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் சம்பந்தமே இல்லை. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பார், கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்று, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே, முகம் வெந்துவிடும். அளவு சரியாக இருந்தும் முள் ஏறினால் ஃபேன் சுற்றுகிறதா பார். சுற்றவில்லை என்றால் ஃபேனுக்குக் கரண்டை விடுகிற சின்னச் சதுரப் பெட்டி, அந்த ரிலேயைக் கழற்றி ஹார்ன் ரிலேயை அந்த இடத்தில் போட்டுப் பார், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மட்டும். சுற்றினால் ரிலேதான் போயிருக்கிறது, புதிது வாங்கு, வாங்குகிறவரை ஓட்டாதே, அந்த வளைவுகளில் ஹார்ன் இல்லாமல் போவது தற்கொலை. எண்பதுக்கு மேலே ஸ்டீயரிங் நடுங்குகிறது என்கிறாய், வீல் பேலன்ஸுக்கு ஒட்டியிருந்த ஈயத்துண்டு எங்கேயோ கல்லில் இடித்து விழுந்திருக்கும், அரை மணி வேலை, ஆனால் அந்தச் சாலையில் எண்பதில் உனக்கு என்ன வேலை என்று முதலில் சொல். இறக்கத்தில் கருகல் வாடை வருவது வண்டியின் குறை இல்லை, உன் குறை. பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறாய். இரண்டாவது கியரில் இறங்கு, இன்ஜின் பிடித்துக்கொள்ளும். பின்பக்கக் கண்ணாடி பாதியில் நிற்பதற்கு ரப்பரைத் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடி, இல்லாவிட்டால் விடு, குளிரில் எதுக்குத் திறக்கிறாய்.

மிச்சம் இருப்பது பேட்டரி. அதுதான் ஒரே உண்மையான பிரச்சினை. நாலைந்து நாள் நிறுத்தினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, பேட்டரி மாற்றினாய், புதியதும் அப்படியே ஆகிறது, அங்கே இருக்கிற மெக்கானிக் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறான். மாற்றாதே. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதினாலு வோல்ட் காட்டுவதை நீயே படம் எடுத்து அனுப்பினாய், சார்ஜ் நன்றாக ஏறுகிறது. நிற்கும்போது கரண்டை யாரோ குடிக்கிறார்கள், கேள்வி அதுதான். அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே ஒரு தடவை மைனஸைக் கழற்றி நடுவில் மீட்டரை வைக்கச் சொன்னேன். சாவி எடுத்து, கதவெல்லாம் மூடி, அரை மணி கழித்து நாற்பது ஐம்பது மில்லி ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் நானூறுக்கு மேல் காட்டியது. ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கினாய், எண் அசையவில்லை. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. ஃப்யூஸ் பெட்டியில் எதைப் பிடுங்கினாலும் அசையவில்லை என்றால் அந்தக் கரண்ட் ஃப்யூஸ் பெட்டி வழியாகவே போகவில்லை. அப்படி ஒரு வயர் கம்பெனியிலிருந்து வராது. யாரோ ஒரு முட்டாள் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருக்கிறான். அந்த வண்டியில் என்னைத் தவிர கை வைத்தவன் செங்கம் ரோட்டில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிற இளவரசன் ஒருத்தன்தான்.

அவன் கடைக்கே போய் மீட்டர் படத்தைக் காட்டியதும் தலையைச் சொறிந்தான். அண்ணே கோச்சிக்காதீங்க, அது நான் இழுத்த வயருதான்னான். எதுக்குடான்னா, டேஷ்போர்டுல அண்ணாமலையார் படம் ஒண்ணு வெளக்கோட இருக்குதில்ல, அதுக்குன்னான். அது சாவி போட்டா எரியறதுதானேடா, நான் எத்தனை வாட்டி பார்த்திருக்கேன்னேன். அதான் இல்லண்ணே, அது எப்பவுமே எரியும், நீங்க பாக்கறப்ப சாவி போட்டிருக்கும், அவ்ளோதான்னான். அம்மா போய்ச் சொன்னாளாம், டேய் இளவரசா, நான் வண்டிய நிறுத்திட்டு உள்ள போயி லைட்டு ஃபேனுன்னு உக்காந்துக்கறேன், சாமி மட்டும் ராத்திரி பூரா இருட்டுல இருக்காருடா, சாவி எடுத்தாலும் அணையாத மாதிரி குடு, உங்கண்ணங்கிட்ட மட்டும் சொன்ன, அவ்ளோதான்னு. ஃப்யூஸ் பெட்டில இருந்து எடுத்தா நீங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சிடுவீங்கண்ணே, அதனாலதான் நேரா பேட்டரில இருந்து குடுத்தேன்னான். ஃப்யூஸே இல்லாமயாடான்னு கேட்டேன். அண்ணி அவசரப்படுத்தினாங்கண்ணே, ஸ்கூலுக்கு டைமாச்சுன்னு நின்னாங்கன்னான். வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அது பழக்கத்தில் வந்த திட்டு, உள்ளே கோபம் என்று ஒன்றும் இல்லை. கடையில் உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன், சரசு டீச்சர் உங்களுக்கே டிமிக்கி குடுத்துட்டாங்களா சார்னு சிரித்தான். குடுத்துட்டாங்கன்னு சொல்லிவிட்டு வந்தேன்.

வந்த பிறகுதான் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கலசப்பாக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக வண்டிக்கு உறை போட்டு மூடுவாள், நான் தூசிக்கு என்று நினைத்தேன். வெளிச்சம் தெரியாமல் இருக்கத்தான் அது. கோடை விடுமுறையில்கூட தினம் ஒரு தடவை வண்டியை எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் வரை போய் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கி வருவாள், பக்கத்துத் தெருவில் கிடைக்காத கத்தரிக்காயா என்று நான் கத்துவேன். பேட்டரி ஏற வேண்டும் என்று அவளுக்கு இளவரசன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதனால் இங்கே ஒரு நாளும் வண்டி படுக்கவில்லை. லாரியில் ஏற்றி உனக்கு அனுப்பியபோது குலுங்கியதிலோ, அங்கே கல் ரோட்டிலோ, விளக்கு செத்திருக்கிறது. அதனால்தான் உனக்கும் தெரியவில்லை, எரியாத விளக்கை யார் கவனிப்பார்கள். ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற சின்ன அடாப்டர் ஒன்று உயிரோடு இருக்கிறது, அது கெட்டுப்போய்ச் சூடாகிக்கொண்டு கரண்டைத் தின்கிறது. பேட்டரி இறங்குவது சின்ன விஷயம். ஃப்யூஸ் இல்லாத வயர் எங்கேயாவது உரசித் தோல் போனால், நீ உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே தீப்பிடிக்கும், அணைக்க உனக்கு நேரம் இருக்காது. அதனால்தான் அன்றைக்கு அப்படிச் செய்தி போட்டேன்.

செய்ய வேண்டியது இது. பேட்டரி பிளஸ்ஸில் தடிமனான வயர்களோடு மெலிசாகச் சிவப்பு வயர் ஒன்று சேர்ந்து கிளம்பும், கறுப்பு டேப் சுற்றி மற்ற வயர்களோடு கட்டி மறைத்திருப்பான், இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகட்டில் ரப்பர் வளையம் வழியாக உள்ளே போகும். அதை பேட்டரி முனையிலேயே கழற்று, நடுவில் வெட்டி முனையைத் தொங்கவிடாதே. உள்ளே அடாப்டரையும் பிடுங்கி எறி. அப்புறம் முன்னைப் போலவே மைனஸுக்கு நடுவில் மீட்டர் வைத்து எண்ணைப் பார், ஐம்பதுக்குள் இருந்தால் மைனஸை மாட்டு. படத்தை எடுத்து வைத்துக்கொள்வதா, அங்கேயே ஒட்டி விடுவதா என்பது உன் இஷ்டம். அந்தப் படத்துக்கு மறுபடி வெளிச்சம் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சாவியோடு எரிகிற மாதிரி, சின்ன ஃப்யூஸ் வைத்துக் கொடுக்கச் சொல். ராத்திரி அணைந்துதான் இருக்கும். அதற்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அம்மா இருந்து கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன், அது தெரிந்துதான் கேட்கவில்லை.

இனிமேல் விற்கிற விஷயம். வண்டி இன்னும் அம்மா பெயரில் இருப்பதால் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். நான் போட்டுவிட்டேன், இதோடு இருக்கிறது. அடி அண்ணாமலையில் இருக்கிற அருணகிரி மாமா நான் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி போனதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார், என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை. யோசிச்சுப் போடு மாப்ள, அந்தப் பொண்ணு வண்டிய வித்துட்டா அப்பறம் உனக்கும் அதுக்கும் நடுவுல இன்னா இருக்குது, சொல்லு பாக்கலாம்னார். பெத்தவனா இருந்தா நான் இதக் கேக்கவே மாட்டேன்னும் சொன்னார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்கிறவர் இல்லை, உனக்கே தெரியும். நான் உன்னைப் பெற்றவன் இல்லை, நீ ஏழாவது படிக்கும்போது உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நீ இந்த வீட்டில் கேட்டது வண்டி ஒன்றைத்தான், கொடுத்தேன், அதற்குப் பிறகு நீ வரவில்லை. அன்றைக்கு நீயும் அழவில்லை, நானும் அழவில்லை, ஊரில் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் பேசினார்கள். மாமா கேட்ட பிறகும் கையெழுத்தைப் போட்டேன். என் கையெழுத்தைப் பிடித்துவைத்து உன்னை இங்கே வரவழைக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

பத்திரத்தில் தேதி மட்டும் போடவில்லை, அதை நீ போட்டுக்கொள். வயரை எடுத்துவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய் என்பது என் கருத்து, கேட்காவிட்டால் போ. அப்படியும் விற்றால் ஓடுகிற வண்டியாக வில், ஏமாற்றி விற்காதே.

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை. வேறு எந்தப் பண்டிகையும் ஆடி வரைக்கும் இல்லை. அதனால் இதற்கு வா, அதற்கு வா என்று கூப்பிட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, யோசித்துப் பார்த்துவிட்டேன். காரணம் இல்லாமலே வா. வண்டியை விற்றால் ரயிலில் வா, விற்காவிட்டால் ஓட்டிக்கொண்டு வா, அவ்வளவு தூரம் தனியாக ஓட்டாதே, நாள் சொன்னால் நான் அங்கே வந்து பாதி ஓட்டுகிறேன், லீவு கேட்டிருக்கிறேன், தருவார்கள். ரயிலா வண்டியா என்பதை நீ முடிவு செய். வருவதா வேண்டாமா என்று நான் உன்னைக் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, சுரங்கத்துக்குள் போகும்போது தலைக்கவசத்தைக் கழற்றாதே, நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. வயரில் கை வைக்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
குமரேசன்