இரண்டு பக்கமும் சொன்ன ‘சரி’

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் உங்கள் மகளும் அத்தையும் நலம். தினமும் காலை பத்து மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிற என் அப்பாவும் நலம். அங்கே சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா, இடுப்பு வலி குறைந்ததா? ஞாயிற்றுக்கிழமை போனிலும் இதையேதான் கேட்டேன். நீங்கள் ‘சரி சரி’ என்றீர்கள். அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்கள் முகாமில் இருக்கிற ஒரே போனில் உங்களுக்குப் பின்னால் பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குப் பின்னால் அத்தை நிற்கிறார்கள், எதிரே அப்பா உட்கார்ந்திருக்கிறார். நான் என்னத்தைப் பேசுவது? காகிதம் என்றால் குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். நீங்களும் படித்து முடிக்கும் வரை ‘சரி’ சொல்ல முடியாது.

லேபில் மதிய இடைவேளையில் எழுதுகிறேன். தாளில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், பல் அச்சு வார்க்கிற மாவு. வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. முதல் நாள் ஒரு மேல்வரிசையைத் தலைகீழாகப் பொருத்திவிட்டேன். பக்கத்து மேசையில் மெழுகு வேலை பார்க்கிற அக்கா பார்த்துவிட்டு, “தூங்கிட்டே செஞ்சாக்கூட இப்படி வராதேம்மா”ன்னு சிரித்தார்கள். நான் தூங்கிக்கொண்டுதான் செய்தேன். இப்போது என் முன்னால் இருப்பது நாற்பத்தொன்றாம் நம்பர் கீழ்த்தாடை. எங்கள் லேபுக்கு வருகிற எந்தத் தாடைக்கும் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். காலையில் இங்கே வந்து உட்காரும்போது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளின் பெயர் விஷயம்தான். அந்த இரண்டு பெயர்களையும் இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. ஐந்து மாதமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, கையாவது தப்பிக்கட்டும்.

அத்தை சொல்லும் பெயரின் கதை உங்களுக்குத் தெரியுமா? பெற்ற பிள்ளையிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். என்னிடம் ஒரு நாள், ரவிக்கைக்குக் கைவைத்துத் தைத்துக்கொண்டே சொன்னார்கள். உங்கள் அண்ணன் வயிற்றில் இருக்கும்போதே பெண்ணென்று நினைத்து எடுத்துவைத்த பெயராம் அது. பிறகு நீங்கள், பிறகு உங்கள் தம்பி. “மூணு தடவையும் அந்தப் பேரை மடிச்சு உள்ள வச்சேன். முப்பத்தஞ்சு வருஷமா மடிச்சே இருக்கு”ன்னு சொன்னார்கள்.

அப்பா சொல்வது அவருடைய அக்காவின் பெயர். அப்பாவின் அம்மா போனபோது அவருக்கு நான்கு வயது, அக்காவுக்குப் பதினொன்று. படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அந்த அக்காதான். கடைசி வரை கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. “அவளுக்குப் பேர் சொல்ல வேற யாரும்மா இருக்கா?” என்று அப்பா கேட்கிறார். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய குரல், அந்த இடத்தில் மட்டும் இறங்கிப்போகிறது.

இதில் யாரை நான் கோபிப்பது? ஒருவர் அநியாயமாகப் பேசினால் சண்டை போட்டு முடித்துவிடலாம். இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தால் நடுவில் நிற்கிறவள்தான் தேய்ந்துபோகிறாள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? அத்தை போனில் கேட்டபோது “சரிம்மா, அதையே வச்சிடலாம்” என்றீர்கள். அடுத்த வாரம் அப்பா அவர் வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்டபோது “சரி மாமா, உங்க விருப்பம்தான்” என்றீர்கள். சுரங்கப்பாதைக்கு அளவெடுக்கிற ஆள் நீங்கள். மலைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் தோண்டிக்கொண்டு வருகிறவர்கள் நடுவில் சந்திக்க வேண்டும் என்பதுதானே உங்கள் உத்தியோகமே. வீட்டில் மட்டும் இரண்டு பக்கமும் தோண்டச் சொல்லிவிட்டு, எங்கே சந்திக்கும் என்று பார்க்காமல் இருந்துவிட்டீர்கள்.

அவர்கள் சந்தித்த நாளை நான் மறக்க மாட்டேன். ஒரே காலையில், ஒரே கூடத்தில். அத்தை பிள்ளையின் விரிப்பு, தொப்பி, துணிப்பை எல்லாவற்றிலும் நீல நூலில் பெயரைத் தைத்து வைத்திருந்தார்கள். அப்பா ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் பெயர் வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். இவர்கள் அதைப் படித்தார்கள், அவர் இதைப் படித்தார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையே சொன்னார் என்கிறார் ஒருவர், என் பிள்ளையே சொன்னான் என்கிறார்கள் இன்னொருவர். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய் நின்றேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

அன்றிலிருந்து பிள்ளைக்கு இரண்டு பெயர். காலையில் அத்தை ஒரு பெயர் சொல்லிக் குளிப்பாட்டுவார்கள், பத்து மணிக்கு அப்பா வந்து இன்னொரு பெயர் சொல்லித் தூக்குவார். உங்கள் மகள் இரண்டுக்கும் திரும்ப மாட்டாள். குக்கர் விசில் அடித்தால்தான் திரும்புகிறாள். யார் ஜாடை என்று கேட்காதீர்கள்.

இதுவரை சிரித்துக்கொண்டு எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதைப் போனில் சொல்லவில்லை. காய்ச்சல் வந்தது, விட்டுவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். நீங்களும் சரி என்றீர்கள்.

பதினெட்டு நாளைக்கு முன்னால் அது. காலையிலேயே பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. பால் குடிக்கவில்லை, அழக்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் பிள்ளையோடு உள்ளே போய்விட்டேன். வாசல் ஜன்னலில் அத்தை சீட்டு வாங்கினார்கள். பிள்ளை பெயர் என்னவென்று கேட்டிருக்கிறார்கள். அத்தை தான் மடித்துவைத்திருந்த பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ரத்தம் எடுத்தார். ரிப்போர்ட் பார்த்துத்தான் மருந்து, அது வரும் வரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள் என்றார். ரத்தக் குப்பியைப் பின்கட்டில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போனது அப்பா. அங்கேயும் பெயர் கேட்டிருக்கிறார்கள். அப்பா தன் அக்கா பெயரைச் சொல்லியிருக்கிறார். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. கேட்டதும் வாயில் வந்தது அதுதான்.

பிறகு அப்பா மாற்றுத்துணி எடுத்துவர வீட்டுக்குப் போனார். ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னலுக்கு எதிர்ப் பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தேன். துணி சூடாகிவிடும், நனைப்பேன், மறுபடி சூடாகிவிடும். ஒரு மணி நேரத்தில் வரும் என்ற ரிப்போர்ட் இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. பிள்ளைக்குக் கண் சொருக ஆரம்பித்தது. நர்ஸிடம் கொடுத்துவிட்டு நானே ஜன்னலுக்கு ஓடினேன். சீட்டில் இருந்த பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்றார் அங்கிருந்த பெண். அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. இன்னொரு பெயரைச் சொன்னேன். “இதுவா? இது எப்பவோ ரெடி. மூணு தடவ கூப்பிட்டாச்சு, ஒருத்தரும் வரல”ன்னு தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருந்து கொடுத்து, சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. பயப்படாதீர்கள், இப்போது நன்றாக இருக்கிறாள். எடையும் கூடியிருக்கிறது. டாக்டர் தாமதத்தால் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு மணி நேரம் என் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை.

இரண்டு நாள் அத்தை அந்தத் தொப்பியைப் பிள்ளைக்குப் போடவில்லை. மூன்றாம் நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தானாக வந்து நின்றார்கள். “மொதல் தடவ கூப்பிட்டப்ப எனக்குத் தோணல. ரெண்டாவது தடவ தோணுச்சு. மூணாவது தடவ எழுந்திரிக்க மனசு வரலம்மா. எழுந்தா அந்தப் பேரை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமேன்னு உட்கார்ந்துட்டேன்” என்றார்கள். மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. நான் மடித்த துணியை உதறி உதறி மறுபடி மடித்தேன். அத்தை போய்த் தொப்பியிலும் விரிப்பிலும் இருந்த பெயரைப் பிளேடால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்பா மேலும் இருக்கிறது. ஆனால் உங்கள் மேல் இருக்கிற அளவுக்கு இல்லை. ஒருவரிடமாவது நீங்கள் ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் ஒருவர் மனம் நொந்திருக்கும், நாலு நாளில் ஆறியிருக்கும். உங்களுக்கு யார் மனமும் நோகக் கூடாது. நல்ல மனுஷன் என்ற பெயரை மட்டும் நீங்கள் பத்திரமாக வைத்துக்கொண்டீர்கள். உங்கள் மகள்தான் ஒன்றுக்கு இரண்டு பெயரோடு கொதித்துக்கிடந்தாள்.

இப்போது புதுச் சண்டை. அத்தை, “சம்பந்தி சொன்ன பேரையே வச்சிடு, பாவம் அவர் அக்கா” என்கிறார்கள். அப்பா, “வேணாம்மா, அவங்க முப்பத்தஞ்சு வருஷமா காத்திருக்காங்க, அந்தப் பேரே இருக்கட்டும்” என்கிறார். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில் அப்படி ஒரு பிடிவாதம். விட்டுக்கொடுத்த புண்ணியம் யாருக்கு என்பதில் குரல் ஏறுகிறது. பிள்ளை முழித்துக்கொள்கிறது. தலையில் அடித்துக்கொள்ளக்கூட எனக்குக் கை ஒழியவில்லை.

இவர்களை நம்பி இருந்தால் பெயர் பதிந்தபாடாகாது என்று போன புதன்கிழமை நானே கிளம்பினேன். லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பத்தாம் நம்பர் மேசை. அங்கிருந்த கிளார்க் படிவத்தைத் தந்துவிட்டு, குழந்தையின் அப்பா சம்மதம் உண்டா என்று கேட்டார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்பார் என்றேன். “குடுத்துவச்ச மகராசிம்மா நீங்க”ன்னு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனதில் ஒரு பெயர் இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொன்னதில்லை, ஆனால் இருந்தது. அதை எழுத அவ்வளவு நேரம் ஆகாது. நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. அத்தைக்கு ஒரு பெயர் இருந்தது, அப்பாவுக்கு ஒரு பெயர் இருந்தது. நீங்கள் இந்த ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட ஒரு பெயர் சொல்லவில்லை. ஒன்பது நாள் கையில் வைத்திருந்துவிட்டுப் போனீர்களே, அவளை என்னவென்று கூப்பிட உங்களுக்கு ஆசை? எனக்குத் தெரியவில்லை. ஒன்று சொல்லியிருந்தால், அது எனக்குப் பிடிக்காத பெயராக இருந்தாலும், அதைத்தான் எழுதியிருப்பேன். கிளார்க் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். என் மனதில் இருந்த பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சான்றிதழை உறையில் போட்டு ஒட்டி, பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பதிந்தாயிற்று என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். என்ன பெயர் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. அத்தை, “அவன்கிட்ட சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றேன். இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறு போனில் ‘சரி, நல்லாத்தான் இருக்கு’ என்பீர்கள். அதைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

லீவு கேளுங்கள். பத்து நாள் வேண்டாம், நாலு நாள் போதும். தர மாட்டேன் என்று மேலதிகாரி சொன்னால் அவரிடமும் சரி என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நான் இன்னும் அந்தப் பெயரை அவள் காதுபட ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முதலில் அவள் அப்பா வாயால் கேட்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அவள் சமத்துதான், காத்திருக்கிறாள். ஆனால் குழந்தைதானே, எத்தனை நாள் காத்திருப்பாள்? சீக்கிரம் வந்து கூப்பிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா