இரண்டாவது பெரியவர் யார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் என் பேத்தி சுண்டெலியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நானும் இருக்கிறேன், எப்படி இருக்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். குழந்தையின் தீம் பார்க் பயணத்தை நான் கெடுக்கப் பார்க்கிறேன் என்று உன் அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். புருஷனை விட்டு வந்தவளுக்கு ராட்டினம் ஒரு கேடா என்று நான் கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். அது என் வாயில் வருகிற வாக்கியமே இல்லை என்று உனக்குத் தெரியும். நான் அவளிடம் சொன்னது நான்கே சொற்கள், "அவரோடு சேர்ந்து போக வேண்டாம்." அதில் முதல் இரண்டையும் வழியில் எங்கேயோ தவறவிட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் பத்திரமாக உனக்குப் போனில் சேர்த்திருக்கிறாள். மடத்துப் பள்ளியில் எங்களுக்கு இலக்கணம் எடுத்த சிஸ்டர், ஒரு சொல் விட்டுப்போனால் வகுப்பு முடிந்த பிறகும் உட்கார வைத்துத் திரும்ப எழுதச் சொல்வார். உன் அத்தை அங்கே படித்திருந்தால் இன்னும் வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டாள்.

நீ ஏன் இப்படி யோசித்தாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. தனியாகப் பிள்ளை வளர்ப்பவளுக்கு இந்த உலகத்தில் எந்தக் கட்டணமும் தோதாக இருப்பதில்லை. சலுகைச் சீட்டு என்றால் பெரியவர் இருவர், சிறியவர் ஒருவர் என்றுதான் இருக்கிறது, தாயும் பிள்ளையும் மட்டும் போனால் சலுகையும் கிடையாது, அறைக்கும் முழு வாடகை. குழந்தையோ வகுப்பில் எல்லோரும் போய்வந்துவிட்டார்கள், நான் மட்டும்தான் என்று கதவு நிலையில் உயரத்தை அளந்து அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்த ரோலர் கோஸ்டரில் ஏற இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கியாம், போனில் என்னிடமும் சொன்னாள். இந்த நேரம் பார்த்து அவள் தகப்பன் வந்து, "நானும் வரேன், சீட்டு கணக்கு சரியாப்போயிடும், ரூம் செலவு என்னோடது, பிள்ளைக்கும் அப்பா கூட வந்த மாதிரி இருக்கும்" என்றால் யாருக்கும் மனம் இளகும். அவர் மாறிட்டாரும்மா என்று நீயும் சொன்னாய். மாறியிருக்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாறினாரா என்று சோதித்துப் பார்க்க என் பேத்தியை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா?

ஏன் உயரம் என்கிறேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நாம் இருவரும் இதைப் பற்றி ஒருமுறைகூட வாய் திறந்து பேசியதில்லை. அந்த ஆற்றுப் பாலத்தில் நீ ஏதோ எதிர்த்துப் பேசிவிட்டாய் என்று அவர் குழந்தையைத் தூக்கிக் கைப்பிடிக்கு அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு, "சாரி சொல்லு, சொன்னாத்தான் இறக்குவேன்" என்று சிரித்தார். விளையாட்டு என்று நினைத்து நடந்துபோகிறவர்களும் சிரித்தார்கள், ஐஸ்கிரீம் வண்டிக்காரன்கூட "சொல்லிடுங்கக்கா, பாப்பா பயப்படுது" என்றான். நீ சொன்னாய். ஒரு தரம் இல்லை, அவருக்குப் போதும் என்று தோன்றும்வரை சொன்னாய். சுண்டெலி அழவே இல்லை. என் கைக்கு வந்தபோது அவள் பாவாடையும் காலுறையும் நனைந்திருந்தன, நான்தான் கழுவினேன், குழாயடியில் அவள் என்னைப் பார்த்து "அம்மா சாரி சொல்லிட்டாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை. தகப்பன் தூக்கினால் என்ன நடக்கும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தாய் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். இப்போது அதே கைகள்தான் ராட்டினத்தில் அவள் இடுப்புப் பட்டையை மாட்டிவிடப்போகின்றன.

இது தீம் பார்க்கோடு முடியவும் முடியாது. ஒரே அறையில் தங்கிவிட்டு வந்தால் "அதான் சேர்ந்துட்டோமே, இனி என்ன தனி வீடு" என்பார், உன் அத்தை ஆமாம் போடுவாள், உன் அண்ணனும் தலைவலி விட்டது என்று இருந்துவிடுவான். ஒருவேளை அது ஏற்கெனவே தொடங்கிவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. போன ஞாயிறு நீ பேசியபோது பக்கத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார். எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது. அதற்குப் பிறகு நீ எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றாய். அதனால்தான் இதை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் நீ வேலை செய்யும் பல் மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு அங்கேயே வைத்துவிடு, கைப்பையில் போட்டுக்கொண்டு போகாதே.

இனி நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பூங்காவுக்கு முதலில் நீ என்னைத்தான் கூப்பிட்டாய், எனக்கு அந்தக் கூச்சல் எல்லாம் ஆகாது என்று சொல்லிவிட்டேன். கூச்சல் காரணம் இல்லை. குளியலறையில் விழுந்ததிலிருந்து என்னால் நடக்க முடியவில்லை, சமையலறையிலிருந்து வாசலுக்கு வரச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறேன். ஆபரேஷன் செய்தால் இடுப்பு தேறும், இதயம் தாங்காது என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார், ஆகவே இது இனிக் குறையப்போவதில்லை. தெருவில் என்னைக் காணோமே, மகள் பணம் அனுப்புகிற திமிர் என்று பேசிக்கொள்கிறார்களாம், பேசட்டும். சக்கர நாற்காலியில் என்னை யாரும் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். இப்போது அதில் உட்காருவதாக முடிவு செய்துவிட்டேன்.

அந்தப் பூங்காவுக்கு நானே போன் செய்தேன். எடுத்த பெண் எடுத்த எடுப்பிலேயே பாட்டி என்றாள், நான் உனக்கு எந்த வழியில் பாட்டி என்று கேட்க நாக்கு துடித்தது, காரியம் ஆக வேண்டுமே என்று விட்டுவிட்டேன். அந்தச் சலுகைச் சீட்டுக்குக் கணவன் மனைவியாகத்தான் வர வேண்டுமா என்று கேட்டேன். "ரெண்டு பேர் பெரியவங்களா இருந்தா போதும் பாட்டி, யாரு என்ன உறவுன்னு நாங்க கேக்கவே மாட்டோம்" என்றாள். நடக்க முடியாதவர்களுக்கு வாசலிலேயே நாற்காலி தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நோயாளிக்கு வேண்டிய உணவை வெளியிலிருந்து கொண்டுவரலாமாம், எனவே ரொட்டியும் அவித்த முட்டையும் பழமும் மூவருக்கும் போதுமான அளவு என் மடியில் இருக்கும், உள்ளே விற்கும் விலைக்கு நீ எதையும் வாங்க வேண்டியதில்லை. பள்ளி விடுமுறை முடிந்து முதல் சனிக்கிழமை வைத்துக்கொள், கூட்டமும் குறைவு, வாடகையும் குறைவு.

தங்குவதற்கும் இடம் பார்த்துவிட்டேன். என்னோடு படித்துவிட்டு மடத்தில் சேர்ந்தாளே, கொக்கு என்று நாங்கள் கூப்பிடுகிறவள், பூங்காவிலிருந்து பேருந்து ஏறினால் வந்துவிடும் தூரத்தில் உள்ள கன்னியர் மடத்தின் விருந்தினர் இல்லம் அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. "இன்னும் அதே அதிகாரந்தாண்டி உனக்கு, கீழ்த்தளத்துலயே ரூம் போட்டு வெக்கிறேன், வந்து சேரு" என்றாள். வாடகை அவர்கள் கேட்பதில்லை, முடிந்ததைப் பெட்டியில் போடலாம். பெண்களும் பிள்ளைகளும் மட்டும்தான் தங்கலாம், ஆண்களுக்குத் தெருக்கதவோடு சரி, யார் வந்து எவ்வளவு கத்தினாலும் கொக்கு திறக்க மாட்டாள். என்னை ரயிலில் ஏற்றிவிடக் கீழ் வீட்டு வேன்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், இறங்குகிற இடத்தில் நீ வந்து நின்றால் போதும்.

சுண்டெலியின் தகப்பனிடம் என்ன சொல்வது என்று யோசிப்பாய். அம்மாவால் நடக்க முடியவில்லை, போகிற காலத்துக்கு முன்னால் பேத்தியோடு ஒரு இடத்துக்கு வர ஆசைப்படுகிறார் என்று சொல். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் கோபப்படுவார், அதுவும் எனக்குத் தெரியும். கோபம் கையில் வரும்போல் இருந்தால் சனிக்கிழமைக்காகக் காத்திருக்காதே, குழந்தையை அழைத்துக்கொண்டு நேராகக் கொக்கிடம் போய்விடு, நான் அங்கே வந்து சேர்கிறேன். ராட்டினம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைக்கு ஒரு அளவு பெரிய காலணி வாங்கு, போன முறை அனுப்பிய படத்தில் குதிகால் வெளியே நிற்கிறது. நீ மதியம் சாப்பிடாமல் தேநீரோடு நிறுத்துவதை விடு. கடவுள் உங்கள் இருவரையும் தன் கையில் வைத்திருக்கட்டும், சுண்டெலிக்கு என் முத்தம், உனக்கும்தான், வயதாகிவிட்டது என்று மறுக்காதே.

நான் உன்னோடு வரலாமா கூடாதா என்பதை எனக்குச் சொல்ல வேண்டும். போனில் சொல்லாதே. வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து, உன் கையெழுத்தில், இரண்டு வரியானாலும் சரி, எழுதித் தபாலில் போடு.

உன் அம்மா