திராட்சைத் தோட்டத்துத் தண்ணீர்

தார்நாகா,
2-7-1983

அன்புத் தங்கை டோரிஸுக்கு,

நான் பார்த்து வாங்கிக் கொடுத்த ரோகு மீன்குஞ்சுகளைக் குளத்தில் விட்டாயிற்று என்று அறிந்து மகிழ்ச்சி. ஆலை வேலையில் காது போய் வீட்டில் உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளைக்கு இந்தக் குளம் ஒரு பிழைப்பாகட்டும். ஒரு சிறு உதவி. சனிக்கிழமைதோறும் சில குஞ்சுகளை, கெடாமலிருக்க நான் தந்த ஃபார்மலின் பாட்டிலில் போட்டு, கம்பெனி பஸ்ஸில் கொடுத்தனுப்பு. முதுகு வளைந்திருக்கிறதா, கண் சிறுத்திருக்கிறதா என்றும் பார்த்து எழுது. ஆராய்ச்சிக்காரன் புத்தி, வேறொன்றுமில்லை. குளத்தை ஒட்டிய சந்திரமோகன் தோட்டத்துத் திராட்சையை எலிசபெத்தும் பிள்ளைகளும் இப்போதே கேட்கிறார்கள்.

உன் அண்ணன்,
ஐசக்

ராமச்சந்திராபுரம்,
20-7-1983

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

பாட்டில் அனுப்பியிருக்கிறேன். ஒரு குஞ்சுக்கும் முதுகு வளையவில்லை. உங்களுக்கென்ன இந்த விபரீத ஆசை? மீன் பேசுவது தன் காதுக்குக் கேட்கிறது என்று அவர் கரையிலேயே கிடக்கிறார். குடும்பமே அவரைக் கேலி செய்கிறது. வெகுநாளைக்குப் பின் அவர் சிரிப்பதைப் பார்க்கிறேன் அண்ணா. சந்திரமோகன் நேற்றுதான் முதன்முதலாகத் திராட்சை இலை நோய்க்குப் புது மருந்து அடித்தார். இரவு பெய்த மழையில் தோட்டத்துத் தண்ணீர் முழுவதும் வாய்க்கால் வழியே எங்கள் குளத்துக்கு வந்துவிட்டது. மகள் ஜெயசுந்தரி அந்த வாய்க்காலைவிட்டு ஏறமாட்டேன் என்கிறாள். ஏழு வயதாகியும் விளையாட்டுப் புத்தி.

அன்புத் தங்கை,
டோரிஸ்

ராமச்சந்திராபுரம்,
19-8-1983

அண்ணனுக்கு,

குஞ்சுகள் கூனிப்போய், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் செத்தன. அனேகமாக எல்லாம் போய்விட்டன. என் வீட்டுக்காரரே குளத்தில் விஷம் கலந்ததாக மீனவர் சங்கத்தில் புகார். சங்கம் தந்த குளத்துக் குத்தகையை ரத்து செய்யப் போகிறார்களாம். காது கேட்காததும் ஒருவகையில் நல்லதுதான். தெருவில் பேசுவது அவருக்குத் தெரியவில்லை.

சந்திரமோகனைக் கேட்டேன். "ஹவ்மா, ஆமாம்மா, உங்க அண்ணன்தான் மருந்தை இனாமா குடுத்தாரு. குளத்துப் பக்கத்து வரிசைக்கு ரெண்டு மடங்கு அடிக்கச் சொன்னாரு," என்றார்.

மருந்து அடிப்பதற்கு முன்பே முதுகைப் பார்க்கச் சொன்னீர்கள். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அந்த மருந்தால்தான் செத்தது என்று உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் கொடுங்கள். அவர் தலைநிமிர்ந்து நடந்தால் போதும். ஜெயசுந்தரிக்கும் கை காலெல்லாம் தடிப்பாக இருக்கிறது. அதற்கு என்ன செய்வதென்றும் எழுதுங்கள்.

டோரிஸ்

தார்நாகா,
27-8-1983

அன்புத் தங்கை டோரிஸுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடித் தொட்டியில் நான் கண்டது குளத்திலும் நடக்கிறது என்பது உன்னால்தான் உறுதியாயிற்று. வெளியாள் குளமென்றால் ஆயிரம் கேள்வி கேட்பான். நீ என் கூடப் பிறந்தவள். தாள் கேட்டாய். டெல்லி மாநாட்டில் கட்டுரையை வாசிக்கும் முன் எதிலும் நான் கையெழுத்திட முடியாது. அச்சானதும் ஒரு பிரதி அனுப்புகிறேன், சங்கத்தில் காட்டலாம். இப்போதைக்கு மாப்பிள்ளையிடம் சொல்லாதே, வருத்தப்படுவார்.

கடைசி பாட்டிலில் ஃபார்மலின் குறைவாக இருந்ததால் குஞ்சுகள் அழுகிவிட்டன. குளத்தைச் சங்கம் எடுத்துக்கொள்ளும் முன், உயிரோடிருப்பதை வலை போட்டுப் பிடித்து அனுப்பு.

இந்த வருஷம் திராட்சைக் கூடை வேண்டாம் என்று சந்திரமோகனிடம் சொல்லிவிடு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன் அண்ணன்,
ஐசக்