சலவைக்கடைப் பின்வாசலில் பிறந்த ஆறு

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? போன் பேசாமல் எழுதுகிறேனே என்று பதறாதே. ஆற்றில் வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான். தண்ணீர் முழங்கால் வரைதான். போனுக்குத்தான் நீச்சல் தெரியவில்லை.

பெரிய ஆற்றில் வந்து சேரும் ஒரு சின்ன ஆற்றை அளந்து, அது எங்கே பிறக்கிறது, யாருக்கெல்லாம் உதவுகிறது என்று வரைபடம் போடுவது இப்போது என் வேலை. மாடு குடிக்கும் இடம், செங்கல் சூளைக்கு இறைக்கும் இடம் எல்லாம் குறித்துக்கொண்டே மேலே நடந்தேன். ஆறு இரண்டாகப் பிரிந்த இடத்தில், தண்ணீர் அதிகம் வந்த பக்கம் போனேன். முதலில் நுரை வந்தது. பிறகு தண்ணீர் சுட்டது. வெந்நீர் ஊற்றையே கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். அந்தக் குதியில்தான் விழுந்தது.

நிமிர்ந்தால் ஒரு சலவைக்கடையின் பின்வாசல். கடைக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னப்பா, துணி கொண்டு வந்தியா, இல்ல உன்னையே துவைக்கணுமா?" என்றார்.

நாளை மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். அதிகாரி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். போர்த்திக்கொள்ள உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு. இங்கே எல்லாப் போர்வையிலும் சோப்பு வாசம்தான். துவைத்துத் தொலைக்காதே, கட்டிக் கழற்றியபடியே அனுப்பு. தபால்காரர் வந்துவிட்டார்.

உன் நனைந்த கோழி